வாளிக்குள் ஓடிய எஞ்சின்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து மேடையில் அமர்ந்திருக்கும் பழைய தொலைக்காட்சி நிலையத்து அதிகாரி அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கும் எங்கள் எஞ்சின் ஐயாவின் அருமை மகளே, எங்கள் காலடிச் சத்தமான தபால்காரரே, எங்கள் தளபதியின் குரலான சலூன்காரரே, சனிக்கிழமைக் கூட்டத்துச் சொந்தங்களே, உங்கள் எல்லோருக்கும் மாடி வீட்டுக்காரியின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சுக்காரி அல்ல. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மனதில் இருப்பதை அப்படியே பேசினால் பாதியில் அழுதுவிடுவேன் என்று தெரிந்துதான் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுத்தும் என்னுடையது, பிழையும் என்னுடையது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய அதிகாரி அவர்கள், நம் ஐயாவை ஒலித்துறையின் முன்னோடி என்று சொன்னார்கள். கைதட்ட வேண்டிய வார்த்தை. இரங்கல் கூட்டம் என்பதால் யாரும் தட்டவில்லை. நான் மனதுக்குள் தட்டிக்கொண்டேன். சங்கத் தலைவர் அவர்கள், யாருக்கும் தொந்தரவு தராத மனிதர் என்று சொன்னார்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது! தொந்தரவு தராதவரா? எஞ்சின் ஐயாவா? அவர் தலைக்கு நேர் மேலே குடியிருந்தவள் நான். என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்!

நான் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிது. என் வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பேச்சுத் துணை இல்லாத வீடு. வாரம் முழுக்க வீட்டில் கடிகாரச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் போதும், என் வீட்டுத் தரை உறும ஆரம்பித்துவிடும். 'ஊம்' என்று ஒரே சீராக ஒரு சத்தம். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசி நடுங்கும். நடுநடுவே 'டியூங், டியூங்' என்று ஏதோ தெறிக்கும். சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் விடுவிடுவென்று இறங்கிப் போனேன்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். இருட்டு அறை. பழைய நாற்காலிகளில் நாலைந்து பேர். சுவரில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் ஓடுகிறது. மூலையில் ஒரு மனிதர் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் இரும்பு வாளியை வைத்து, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உறுமுகிறார்!

"யாருய்யா இங்க இப்படி உறுமறது? மேல மனுஷங்க இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டேன்.

யாரும் திரும்பவே இல்லை. சலூன்காரர் மட்டும் "உஸ்!" என்றார். வாளிக்குள் இருந்த மனிதர் முகத்தை எடுக்காமலே ஒரு கையை நீட்டினார். அந்தக் கையில் ஒரு பயணப் பை. என் கையில் திணித்துவிட்டார்.

தபால்காரர் அவசரமாகச் சொன்னார். "அம்மா, வந்ததுதான் வந்தீங்க, அந்தக் கதவைத் திறங்க."

"திறந்துதானேய்யா வந்தேன்?"

"அந்தக் கதவு இல்லம்மா, இந்தக் கதவு! ஜிப்பை இழுங்க, ஜிப்பை!"

என்ன ஏது என்று புரியாமல் இழுத்தேன். 'சர்ர்ர்' என்றது. அதே நேரம் சுவரில், விண்வெளிக் கப்பலின் பெரிய கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. என் கையால் திறந்தது! அந்த ஜிப்பை இழுத்த கை அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் சும்மா இருந்ததில்லை.

படச்சுருள் முடிந்து விளக்குப் போட்டதும் ஐயா முகத்தைத் தூக்கினார். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் வாளி விளிம்பின் தடம் வட்டமாகச் சிவந்திருந்தது.

"நல்லாத் திறந்தீங்கம்மா. எங்ககிட்ட கதவுக்குத்தான் ஆள் இல்லாம இருந்துது. நீங்க எந்த வீடு?"

"மேல் வீடு. சண்டை போடலாம்னு வந்தேன்."

"அப்ப அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்து சண்டை போடுங்க. அந்தச் சுருள்ல கதவு நிறைய இருக்கு."

இப்படிப்பட்டவரைத்தான் இழந்து நிற்கிறோம். சண்டைக்கு வந்தவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட மனிதரை இனி எங்கே போய்த் தேடுவது?

இங்கே வந்திருக்கும் இளைய தலைமுறைக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொலைக்காட்சி என்பதே புதுசாக இருந்த நாட்களில் வாரம் ஒரு முறை விண்வெளித் தொடர் ஒன்று வந்தது. தளபதி ஒருவர், கூட இரண்டு மூன்று பேர், ஒரு கப்பல். பெரிய செலவெல்லாம் செய்து எடுத்த தொடர் அல்ல. கப்பல் என்பது இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டியது. அதன் விளக்குகள் பற்பசைக் குழாயின் மூடிகள். நிலாத்தரை, சாக்கின் மேல் சாம்பல் தூவியது. தளபதியின் தலைக்கவசம் மேசை விளக்கின் கண்ணாடிக் கூண்டு. ஒரு காட்சியில் தளபதிக்குத் தும்மல் வந்து கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிடும், பாவம், தடவித் தடவி நடப்பார். இதைப் பார்த்து ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? உட்கார்ந்திருந்தது! ஏன்? தட்டு கப்பலாகத் தெரிந்தது ஏன்? சாம்பல் நிலாவாகத் தெரிந்தது ஏன்? அதற்குச் சத்தம் கொடுத்தவர் எங்கள் ஐயா! கப்பலின் எஞ்சின், தொடர் நடக்கும்போதெல்லாம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் அந்த 'ஊம்', அவருடைய தொண்டை. நிலையத்தில் ஒரு தட்டிக்குப் பின்னால், வாளிக்குள் ஒலிவாங்கியையும் தன் முகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அதனால்தான் கூட வேலை செய்தவர்கள் அவருக்கு எஞ்சின் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் அதோடு 'ஐயா' சேர்த்துக்கொண்டோம்.

படம் ஒரு சுருளிலும் சத்தம் வேறொரு நாடாவிலும் இருந்த காலம். நிலையத்தில் நாடாவுக்குப் பஞ்சம். பதிந்திருந்த சத்தத்தின் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். செய்திகளும் வானிலை அறிக்கையும் எங்கள் ஐயாவின் மூச்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன! யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைய வழக்கம் அதுதான். பிறகு நிலையம் வேறு கட்டடத்துக்குப் போனபோது, படச்சுருள்கள் ஊமையாக ஒரு மூலையில் கிடந்தன. வேண்டாம் என்றவர்களிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குத் தூக்கி வந்தார். சத்தம் போனால் என்ன, சத்தம் போட்டவன் இருக்கிறேனே என்றார். அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார். தபால்காரருக்குக் கல் உப்புப் பை. அதை அமுக்கினால் நிலாவில் நடக்கும் காலடி. சலூன்காரருக்குத் தளபதியின் வசனமும் ஒரு கம்பியும். ஜன்னலிலிருந்து இழுத்துக் கட்டிய அந்தக் கம்பியைக் கத்தரிக்கோலால் தட்டினால் கதிர்த்துப்பாக்கி. எனக்குக் கதவு. எங்கள் சனிக்கிழமையில் சும்மா பார்ப்பவர் ஒருவரும் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் வேலை செய்ய வேண்டும். ஆனால் வாளியை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். சொந்த மகளையே விட்டதில்லை. "எஞ்சினுக்கு ஒரு டிரைவர்தான்" என்பார்.

இப்போது என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த முதல் நாள் சுவரில் தளபதியின் முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டேன். எனக்கு அவரைத் தெரியும்! கல்யாணமான புதிதில் நாங்கள் தொலைக்காட்சி வாங்கும் நிலையில் இல்லை. பெரிய தெருவில் மின்சாதனக் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டியை ஓடவிட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். தொடர் வரும் நாளில் வேலை முடிந்து சீருடையோடு நேரே அங்கே வந்துவிடுவார். நான் வீட்டிலிருந்து போவேன். நடைபாதையில் நின்றபடி பார்ப்போம். படம் தெரியும், சத்தம் வராது. கண்ணாடி தடுத்துவிடும். அதனால் அவரே என் காதோரம் குனிந்து கதை சொல்லுவார். தளபதிக்கு ஒரு குரல், மற்றவர்களுக்கு ஒரு குரல். கண்டக்டர் அல்லவா, எப்போதாவது மறந்துபோய்த் தளபதியே "உள்ள போங்க, உள்ள போங்க" என்பார்!

அவர் சொன்ன கதை இதுதான். தளபதியின் மனைவி முந்திய கப்பலில் போனவள், திரும்பவில்லை. அவளைத் தேடித்தான் இவர் கிரகம் கிரகமாகப் போகிறார். அந்தத் தொடரில் ஒரு விசேஷம் உண்டு. திடீர் திடீரென்று கப்பல் கதவு திறக்கும், ஆனால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். தளபதி நிமிர்ந்து பார்ப்பார். கதவு மூடிக்கொள்ளும். அந்த இடம் வந்தால் என் வீட்டுக்காரர் மெதுவாக, "வந்துட்டியா?" என்பார். கதவு மூடியதும், "யாரும் இல்ல" என்பார். எத்தனையோ வாரம், அதே கண்ணாடி முன்னால், அதே இரண்டு பேச்சு. நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இத்தனை வருடம் கழித்து ஐயாவின் அறையில் கேட்டால், கதையே வேறு! தளபதி தேடுவது எரிபொருளாம்!

"எரிபொருளா? அந்த ஆள் பொண்டாட்டியைத் தேடறார்" என்றேன்.

சலூன்காரர் சிரித்துவிட்டார். "அம்மா, நான் இத்தனை நாளா அவருக்குக் குரல் குடுக்கறேன். எனக்குத் தெரியாம அவருக்கு ஏதும்மா பொண்டாட்டி?"

"அப்ப கதவு ஏன் சும்மா சும்மா திறக்குது? யாருக்காகத் திறக்குது? சொல்லுங்க பார்ப்போம்!"

எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் வாளியின் விளிம்பைத் தடவினார். பிறகு வெட்கப்பட்டுச் சொன்னார்.

"எனக்காகத்தாம்மா. மனுஷன்தானே, எவ்வளவு நேரம் ஒரே மூச்சுல ஊம்னு இழுக்கறது? மூச்சு முட்டினா ஒரு பொத்தானை அழுத்துவேன். செட்ல சின்னதா ஒரு சிவப்பு விளக்கு எரியும். உடனே கதவைத் திறப்பாங்க, இல்லேன்னா தளபதி எழுந்து நாலடி நடப்பார். அந்தச் சத்தத்துக்குள்ள நான் மூச்சு வாங்கிக்குவேன்."

தளபதி காரணமில்லாமல் எழுந்து நடப்பதும், ஆள் வராமல் கதவு திறப்பதும், எங்கள் ஐயா மூச்சு விட்ட இடங்கள்! ஊரில் எத்தனை பேர், கண்ணுக்குத் தெரியாத வேற்றுக்கிரக ஆள் வருகிறான் என்று பயந்து ராத்தூக்கம் இழந்தார்களோ!

எனக்கோ சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் சொன்ன கதை பொய்யாகிவிட்டதே என்றுதான் இருந்தது. நான் கண்ணாடிக் கடைக் கதையைச் சொன்னேன். 'வந்துட்டியா', 'யாரும் இல்ல' இரண்டையும் அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன். சொல்லிவிட்டுப் பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஐயா என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தொடரின் சத்தம் முழுவதையும் படைத்த மனிதர், அந்தக் கதையை உள்ளங்கை ரேகை மாதிரி அறிந்த மனிதர், என்ன செய்தார் தெரியுமா?

"உட்காருங்க மாடியம்மா. அத்தனை பேர் ராப்பகலா வேலை செஞ்சோம். ஒருத்தனுக்கும் இது தோணலையே! எரிபொருளாம் எரிபொருள். சலூனு, இனிமே தளபதி பொண்டாட்டியைத்தான் தேடறார். கதவு திறந்தா 'வந்துட்டியா'ன்னு கேளு. மூடினதும் 'யாரும் இல்ல'ன்னு சொல்லு. எனக்கும் மூச்சு வாங்க இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கையால் கதவு திறந்தது. சலூன்காரரின் குரலில் என் வீட்டுக்காரர் பேசினார். உயிரோடு இல்லாத ஒரு பஸ் கண்டக்டருக்கு, விண்வெளிக் கப்பலில் ஓர் இடம் போட்டுக் கொடுத்தவர் எங்கள் ஐயா! இதை நான் மறக்க முடியுமா? இந்த வயதில் எனக்கு வேறு என்னென்னவோ மறக்கிறது, இது மறக்குமா?

பெருமைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்: என் பேத்தி நிஜ ராக்கெட்டுக்குக் கணக்குப் போடுகிறவள். இதோ, பின்னால் புரொஜக்டர் பக்கத்தில் நிற்கிறாள். என்னைப் பார்த்து 'போதும் பாட்டி' என்று கையைக் காட்டுகிறாள். போதாது! ஒரு விடுமுறையில் அவளையும் சனிக்கிழமைக்குக் கூட்டிப் போனேன். பார்த்து முடித்ததும் அவள் மெல்ல, "தாத்தா, கோவிச்சுக்காதீங்க. விண்வெளியில காத்தே கிடையாது, அங்க எஞ்சின் சத்தம் கேக்காது" என்றாள்.

தபால்காரர் முகம் சுருங்கிவிட்டது. உப்புப் பையை அமுக்கி அமுக்கி உழைத்தவர் அல்லவா!

ஐயா சிரித்தார். "தெரியும் கண்ணு. அன்னிக்கே ஒரு வாத்தியார் நிலையத்துக்கு எழுதிப் போட்டார். நீங்க சொல்றது சரிதான், வெளிய கேக்காது. ஆனா உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கணும்ல? சுத்தி எங்க பார்த்தாலும் ஒண்ணும் இல்லாத இடம். எஞ்சின் சத்தம் நின்னா அவங்க என்ன நினைப்பாங்க?"

என் பேத்தி கொஞ்சம் யோசித்தாள். "செத்தோம்னு நினைப்பாங்க, தாத்தா."

"அதுக்குத்தான் இந்தக் கிழவன் வாளியில உறுமறான்."

அன்று முழுக்க அவர்கள் இரண்டு பேரும் நிஜ எஞ்சினையும் வாளி எஞ்சினையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் குதூகலம்.

சொந்தங்களே, கடைசிச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தத் தாளை எழுதினேன்.

நுரையீரல் பழுதாகி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூக்கில் குழாய், பக்கத்தில் காற்று உருளை. கட்டிலுக்குக் கீழே வாளி. வாந்தி எடுக்க வைத்திருக்கிறார் போல என்று எண்ணி நர்ஸ் பெண் அதைக் கழுவிக் கழுவி வைத்தாள். நாங்கள் பார்க்கத்தான் போனோம். அவரோ, "சனிக்கிழமையாச்சே, ஏன் சும்மா நிக்கறீங்க? சுருளை மாட்டுங்க" என்றார்.

சலூன்காரர் கலங்கின கண்ணை மறைக்க, "குழாயெல்லாம் மாட்டிக்கிட்டு இப்பதான் ஐயா நிஜமாவே விண்வெளி ஆள் மாதிரி இருக்கீங்க" என்றார். ஐயாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரமாயிற்று.

படம் ஓடியது. ஐயா வாளிக்குள் குனிந்தார். 'ஊம்' என்று எழும்பியது. பிசிறடித்தது. அறுந்தது. மறுபடி எழும்பியது. அறுந்தது. பிறகு வரவே இல்லை.

சுவரில் தளபதி நிற்கிறார், ஆட்கள் நிற்கிறார்கள், விளக்குகள் எரிகின்றன. எஞ்சின் இல்லை. அத்தனை வருடத்தில் அந்தக் கப்பல் அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாளியை யார் தொடுவது? சொந்த மகளே தொடாத வாளி! உப்புப் பை அப்படியே தபால்காரர் கையில். கத்தரிக்கோல் அப்படியே சலூன்காரர் கையில்.

ஐயா முகத்தை எடுத்தார். வாளியைத் தூக்கி என் மடியில் வைத்தார். என் மடியிலிருந்த பையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டார்.

நான் குனிந்தேன். இரும்பு வாசனை. என் மூச்சு என் முகத்திலேயே வந்து மோதியது. 'ஊம்' என்றேன். என் தொண்டையில் எஞ்சினா வரும்? கிணற்றுக்குள் பூனை விழுந்த மாதிரி இருந்தது. நிறுத்தவில்லை. இழுத்தேன், இழுத்தேன், நெஞ்சு வலிக்கும் வரைக்கும் இழுத்தேன். இனி முடியாது என்ற நிமிடத்தில், 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

ஐயா ஜிப்பை இழுக்கிறார்! நான் மூச்சு வாங்க அவர் கதவைத் திறக்கிறார்! தன் மூச்சுக்கே குழாய் வைத்துக்கொண்டிருக்கும் மனிதர், இன்னொருத்தியின் மூச்சுக்கு நேரம் பார்த்துக் கதவு திறக்கிறார்! இப்படி ஒரு மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? கேட்டிருக்கிறீர்களா?

சுருள் முடிந்தது. விளக்குப் போட்டோம். ஐயாவின் முகத்தில் நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"எஞ்சின் கிழடாயிடுச்சு. பரவாயில்ல, ஓடுது" என்றார் என்னைப் பார்த்து. பிறகு சொன்னார்: "இப்பதான் நான் இதைப் பாக்கறேன்."

எங்களுக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நிலையத்தில் தட்டிக்குப் பின்னால் வாளிக்குள் முகம். இங்கே மூலையில் வாளிக்குள் முகம். ஊருக்கெல்லாம் காட்டிய தொடரை அவர் ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததே இல்லை! அன்றுதான், வாளி இல்லாமல், தலையணையில் சாய்ந்து, முதல் முதலாகப் பார்த்திருக்கிறார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கோம்" என்றார். கொஞ்சம் கழித்து, "கப்பலைத் தொங்கவிட்ட கயிறு தெரியுதே!" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தபால்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "எப்பவும் தெரியும் ஐயா."

"எப்பவுமா? கடைக் கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்த்தீங்களே மாடியம்மா, அங்கயுமா தெரிஞ்சுது?"

"நல்லாவே தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படி நம்பினீங்க?"

"கப்பல் விழலையே ஐயா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போது, "ஒரு டிரைவர்னு சொல்லிட்டு இருந்தது என் தப்பு. இதுக்கு ரெண்டு மூணு மூச்சு வேணும்" என்றார். அடுத்த சனிக்கிழமையை அவர் பார்க்கவில்லை.

நேற்று அவர் மகள் என் வீட்டுக்கு ஏறி வந்தாள். கீழே அறையைக் காலி செய்ய வேண்டும். அதிகாரி அவர்கள் படச்சுருள்களைக் கேட்டிருக்கிறார்கள், குளிர் அறையில் வைத்துப் பத்திரமாகப் பாதுகாப்பார்களாம். நல்ல மனதோடு கேட்டிருக்கிறார்கள். அவள் என்னிடம், "மாடியம்மா, எல்லாத்தையும் குடுத்துடட்டுமா? இனிமே சனிக்கிழமை இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை இல்லை என்றால் எனக்கு என்ன போகிறது என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஐயா போனதோடு என் வீட்டுக்காரரும் இன்னொரு முறை போய்விடுவார். அந்த இரண்டு பேச்சும் போய்விடும். ராத்திரி முழுக்க யோசித்தேன். அதற்கு இப்போது, எல்லோர் முன்னாலும், பதில் சொல்கிறேன்.

அதிகாரி அவர்களே, சுருள்களைக் கொண்டுபோய்க் குளிர் அறையில் வையுங்கள். எங்கள் அறைப் புழுக்கத்தில் அவை வீணாக வேண்டாம். எங்களுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது பார்த்துவிட்டு, இதில் சத்தம் இல்லையே என்று உங்களிடம் கேட்டால், எங்கள் கட்டடத்து விலாசத்தைக் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லுங்கள். கீழ் வீட்டில் அல்ல, மேல் வீட்டில். என் கூடத்துச் சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கீழே புதிதாகக் குடிவருகிறவர்கள் துடைப்பத்தோடு சண்டைக்கு வந்தால், அவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். இது எங்கள் ஐயாவின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. என் கைக்குத் தெம்பு இருக்கும் வரைக்கும் கதவு திறக்கும். அதற்குப் பிறகு வேறு ஒரு கை திறக்கும்.

சங்கத் தலைவர் அவர்களே, கூட்ட முடிவில் ஒரு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் வைத்த முறை, தெரியும். ஆனால் இவருக்கு மௌனம் வேண்டாம் ஐயா. மௌனம் என்றால் எஞ்சின் நின்றுபோச்சு என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்க அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டவரை, எஞ்சினை நிறுத்தியா வழியனுப்புவது?

பேத்தி, சுருளை ஓடவிடு. தபால்காரரே, விளக்கை அணையுங்கள். அம்மா, ஐயாவின் மகளே, மேடைக்கு வா. இதோ உங்கப்பாவின் வாளி. தொடலாம், பயப்படாதே. அவரே ரெண்டு மூணு மூச்சு வேணும் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நீ ஆரம்பி. கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் வாயை மூடி 'ஊம்' என்று சேர்ந்துகொள்ளுங்கள். மூச்சு முட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் இருப்பவர் விடாமல் இழுப்பார். அவர் முடியும் நேரத்தில் நீங்கள் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஓடட்டும்.

நான் என் பையோடு தயாராக இருக்கிறேன். கதவு திறக்கும் இடம் வரும். யாரும் உள்ளே வரமாட்டார்கள். அது யார் மூச்சு விட்ட இடம் என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் இப்போது தெரியும்.

சலூன்காரரே, உங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நான் ஜிப்பை இழுத்ததும் வழக்கம் போல 'வந்துட்டியா' என்று கேளுங்கள். இன்றைக்கு மட்டும், இந்த ஒரு தடவை மட்டும், 'யாரும் இல்ல' என்று சொல்லாதீர்கள்.